கைவசம் ஒரு வித்தை: டயல் பி.பி. மெஷின்

தைப்பூச சீஸன். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா வர்ற பாதயாத்திரைக் கூட்டம், ஆயக்குடியைத் தாண்டித்தான் பழநிக்குள் நுழையும். ரோட்டோரம் இந்தப் பக்கம் கொய்யாக் கூடைகள், அந்தப் பக்கம் மோர்ப் பந்தல். நடுவுல உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். பசங்க ஒரு டேபிளைப் போட்டு, 'இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை'ன்னு பேனர் கட்டியிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். டேபிள் மேல டயல் வெச்ச பி.பி. மெஷின், ஸ்டெதஸ்கோப். பச்சை வேட்டி கட்டின அய்யா ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்து கையை நீட்டறார். "பாரு சாமி, எவ்வளவு இருக்குதுன்னு..."

உடனே பட்டையைச் சுத்தி 'புஸ்... புஸ்'னு காத்தடிக்கத் தோணும். வேண்டாம் பாஸ்! அவர் இப்பத்தான் பல கிலோமீட்டர் நடந்து வந்திருக்கார். இந்த நிமிஷம் பார்த்தா அவர் நடந்த நடையோட பி.பி.தான் வரும், அவரோட பி.பி. வராது. முதல் வேலை, அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வைக்கறது. டீ, பீடி, வேகமான நடை எதுவா இருந்தாலும் அதுக்கப்புறம் அரை மணி நேரம் போகணும். ஒண்ணுக்குப் போகணும்னா போயிட்டு வரட்டும். முதுகு சாயணும், பாதம் ரெண்டும் தரையில பதியணும், கால் மேல கால் கூடாது. எந்த ஊர்லேர்ந்து வர்றாரு, எத்தனை நாள் நடைங்கற அரட்டையெல்லாம் அளந்து முடிச்ச பிறகு வெச்சுக்கலாம். பேசினாலே அளவு ஏறும்.

அந்த அஞ்சு நிமிஷத்துல மெஷினைப் பாருங்க. காத்து மொத்தமும் வெளியே போயிருக்கும்போது முள் சரியா 0-வில் நிற்குதா? இல்லைன்னா ஓரமா வெச்சுடுங்க. தட்டிக் கொட்டி சரி பண்ற ஜோலியே வேண்டாம். பல்பை அமுக்கி வால்வை மூடினா, ஏறின முள் அப்படியே நிக்கணும். தானா இறங்குதுன்னா ட்யூப்லயோ வால்விலோ ஓட்டை.

டயல்ல 'மி.மீ. பாதரசம்'னு போட்டிருக்கும். ஆனா இதுக்குள்ள பாதரசம் ஒரு சொட்டு கூட கிடையாது! அந்தப் பேர் எப்படி வந்துச்சு? 1733-ல் ஸ்டீஃபன் ஹேல்ஸ்ங்கற இங்கிலாந்து பாதிரியார், ஒரு பெண் குதிரையோட ரத்தக்குழாய்ல பித்தளைக் குழாயைச் சொருகி, அதோட கண்ணாடிக் குழாயைச் சேர்த்து ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு அளந்ததை எழுதி வெச்சார். 8 அடி 3 அங்குலம்! ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி குதிரை உயரக் குழாய் வைக்க முடியுமா? பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். தண்ணியில 5 அடிக்கு மேல ஏறவேண்டிய அழுத்தம், பாதரசத்துல 120 மில்லி மீட்டர்ல அடங்கிடும். 1896-ல் இத்தாலி டாக்டர் ரிவா ரோச்சி, கையில காத்துப்பட்டை கட்டி பாதரசக் குழாயில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905-ல் ரஷ்யாவின் கொரோட்காஃப், அதோட ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். நாம இன்னிக்குக் கேட்கப்போற சத்தத்துக்கு அவர் பேர்தான்.

அப்போ பாதரசம் எங்கே போச்சு? ஆயக்குடியில நின்னு தெற்கே தலையைத் தூக்கினா தெரியுதே பழநி மலை, அதுக்கு மேல இருக்கற கொடைக்கானலைக் கேளுங்க. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து 1980-களில் அங்கே வெச்ச தெர்மாமீட்டர் ஃபேக்டரி ஒண்ணு இருந்துச்சு. பாதரசம் ஒட்டின உடைசல் கண்ணாடி மூஞ்சிக்கல் காயலான் கடையில கிடந்தது வெளிச்சத்துக்கு வர, 2001-ல் மூடினாங்க. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் இந்துஸ்தான் யூனிலீவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். பதினஞ்சு வருஷம்! பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கற விஷம். 2013-ல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம், தெர்மாமீட்டர், பி.பி. கருவி ரெண்டிலிருந்தும் பாதரசத்தை விலக்க 2020-ஐக் கெடுவாக வெச்சது.

பாதரசம் போனது நல்லதுதான். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. பாதரசக் குழாய் லேசுல பொய் சொல்லாது. டயலுக்குள்ள இருக்கறது மெல்லிய உலோகத் தகடும் பல்சக்கரமும். கீழே விழுந்தா, வருஷம் ஆனா, அளவு நகரும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சரிபார்க்கக் கொடுக்கணும். பேட்டரி மெஷின் மட்டமில்லை, வீட்டுக்கு அதுதான் வசதி. ஆனா நாடி தாறுமாறா துடிக்கறவங்களுக்கு அது தடுமாறும். அங்கே காதுதான் கை கொடுக்கும்.

அஞ்சு நிமிஷம் ஆச்சா? சட்டைக் கையை இறுக்கி மேலே சுருட்டாம, கழற்றிடச் சொல்லுங்க. பட்டை வெறும் தோல் மேல, முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே. ரெண்டு விரல் நுழையற அளவு இறுக்கம். காத்துப்பை, கையின் சுற்றளவுல 80 சதவீதமாவது வளைச்சுப் பிடிக்கணும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினா, இல்லாத பி.பி. வரும். கை நெஞ்சு மட்டத்துல டேபிள் மேல இருக்கட்டும். 10 செ.மீ. கீழே தொங்கினா 7-8 பாயின்ட் கூடிடும். குதிரைக் குழாய் கணக்கேதான்!

ஸ்டெத்தை இன்னும் எடுக்காதீங்க. மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டே காத்தடிங்க. துடிப்பு மறையற இடம் 140-ன்னு வெச்சுக்குவோம். மொத்தக் காத்தையும் விட்டுட்டு, அரை நிமிஷம் கழிச்சு, இப்போ ஸ்டெத்தோட 170 வரைக்கும் ஏத்துங்க. எதுக்கு ரெண்டு வேலை? சில பெரியவங்களுக்குச் சத்தம் ஆரம்பிச்சு, நடுவுல காணாமப் போய், மறுபடி வரும். அந்த இடைவெளிக்குள்ள காத்தை நிறுத்தினா, 200 இருக்கறவருக்கு 150-ன்னு எழுதிடுவோம். கேம்ப்கள்ல இந்தப் படியைத்தான் முதல்ல முழுங்கறாங்க.

காதுல மாட்டற முனைகள் மூக்குப் பக்கம் பார்க்கணும். ஸ்டெத், முழங்கை மடிப்புல உள்பக்கமா துடிக்கற ரத்தக்குழாய் மேல. பட்டைக்குள்ள திணிக்கக் கூடாது. வால்வை நூல் நூலா திறங்க. நொடிக்கு 2-3 பாயின்ட்தான் முள் இறங்கணும். அடுத்தடுத்து 'டப்... டப்'னு முதல்ல கேட்கற இடம் மேல் அளவு. சத்தம் சுத்தமா நிற்கற இடம் கீழ் அளவு. தவற விட்டா, பாதியில மறுபடி காத்தடிக்காம, முழுசா இறக்கிட்டு ஒரு நிமிஷம் பொறுங்க. எப்படியும் ரெண்டு தடவை பார்த்து சராசரி எடுக்கணும்.

டயல்ல கோடு 2 பாயின்ட்டுக்கு ஒண்ணு. அதனால 125-ன்னு எழுதினா அது நீங்க வரைஞ்ச கோடு. நோட்டு முழுக்க 120/80, 130/90-ன்னு பூஜ்யமா இருந்தா, பார்த்தவர் கேட்டு எழுதலை, கேட்டுச்சுங்கற நம்பிக்கையில எழுதியிருக்கார்! ஹாஸ்டல்ல முதல்ல ரூம்மேட் கையில பழகிட்டு, நர்ஸ் அக்கா யாரையாவது பக்கத்துல வெச்சு ஒத்துப் பார்த்துக்குங்க.

சரி, அய்யாவுக்கு 152/94 வந்திருக்கு. "உங்களுக்கு பி.பி. இருக்குங்கய்யா"ன்னு தீர்ப்பு சொல்ற வேலை நம்மளோடது இல்லை. 140/90-க்கு மேல வந்தா, இன்னொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரைப் பார்க்கச் சொல்லி, அளவு, எந்தக் கை, நேரம் மூணையும் சீட்டுல எழுதிக் கொடுங்க. 180/120-ஐத் தொட்டா அன்னிக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, வாய் குழறல், ஒரு பக்கம் மரத்துப் போறதுன்னா உடனே 108.

126/78 வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு: "மாத்திரை சாப்பிடறீங்களாய்யா?" ஆமான்னா, அந்த 126 மாத்திரை கொடுத்த 126. 'நார்மல்'னு நீங்க சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, ஊருக்குப் போனதும் நிறுத்திடறவங்க உண்டு. அப்படிச் சொன்னா, 'சாப்பிடறதாலதான் நல்லா இருக்கு, விட்றாதீங்க'ன்னு சேர்த்துச் சொல்லுங்க. மாத்திரையை வீட்டுல மறந்து வெச்சுட்டு நடந்து வந்தவரா இருந்தா, பழநி அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்புங்க. வரிசையில அடுத்து நிற்கற அம்மாவுக்கு நாற்காலி போடுங்க. அஞ்சு நிமிஷம் அவங்களுக்கும் உண்டு.