அரை மூடை நெல்லும் நன்றி ஆராதனையும்

2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எமது பகுதி ஆலயமொன்றில் அறுவடை நன்றி ஆராதனை நடைபெற்றது. பீடத்தின் முன்பாக வழமைபோல் நெற்கதிர்களும் வாழைக்குலைகளும் பூசணிக்காய்களும் வைக்கப்பட்டிருந்தன. நெல் மூடைகள்தான் குறைவு. மூன்று ஏக்கர் செய்கைபண்ணும் கமக்காரர் ஒருவர் அரை மூடை நெல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, பக்கவாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கடைசி வாங்கில் அமர்ந்துகொண்டார். முந்திய வருடங்களில் இரண்டு மூடை கொண்டுவந்து முன்னால் வைப்பவர் அவர்.

அன்றைய அருளுரைக்கு ஆதாரம் ஆபகூக் மூன்றாம் அதிகாரம். விளைச்சல் பொய்த்து, பட்டி வெறுமையாகிய வேளையிலும் ஆண்டவரில் மகிழ்ந்திருப்பதாகத் தீர்க்கதரிசி உறுதிகொள்ளும் பகுதி அது. ஆகவே முறுமுறுக்காமல் கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள் என்று எமக்குச் சொல்லப்பட்டது.

அந்தப் போகத்தில் விளைச்சல் ஏன் குறைந்தது? பழியை வானத்தின்மீது போட முடியாது. 2021 சித்திரையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்த அரசாங்கம் தீர்மானித்தது. வைகாசியில் வர்த்தமானி வெளியாயிற்று. கார்த்திகையில் தடை நீக்கப்பட்டபோது பல இடங்களில் காலபோக விதைப்பு முடிந்திருந்தது. பயிர் மஞ்சளித்து நின்றது. நாடு முழுவதிலும் அக்காலபோக நெல் உற்பத்தி முந்திய காலபோகத்திலும் பார்க்க மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. சேதனப் பசளைக்கு நான் எதிரி அல்லன். ஆனால் ஒரே போகத்தில் மண்ணை மாற்றிவிட முடியாதென்பது கூட்டெருக் குவியல் போட்டுப் பார்த்த எவருக்கும் தெரியும். அடுத்து வந்தது டொலர் நெருக்கடி. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடி வரிசையில் நின்றோம். 2022 ஆவணியில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

இப்படி மனிதர் எடுத்த தீர்மானத்தால் வந்த இழப்பை, தேவன் அனுப்பிய சோதனையாக மாத்திரம் விளக்கி, நன்றி சொல்லி அமர்ந்திரு என்பது சரிதானா? ஆபகூக்கின் நூல் மூன்றே அதிகாரங்கள் கொண்டது. அது மகிழ்ச்சியோடு தொடங்கவில்லை, முறைப்பாட்டோடு தொடங்குகிறது. எத்தனை காலம் நான் கூப்பிட, நீர் கேளாதிருப்பீர் என்று தீர்க்கதரிசி தேவனையே வழக்குக்கு இழுக்கிறார். பிறரைச் சுரண்டி வீடு கட்டுகிறவனை இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. இவ்விரண்டையும் கடந்துதான் மூன்றாம் அதிகாரத்தின் நன்றி வருகிறது. முதலிரண்டையும் மூடி வைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் ஏழைக்குப் படித்துக் காட்டுவது திருமறைக்குச் செய்யும் நியாயமன்று.

முதற்பலன் செலுத்தும் முறையைக் கூறும் உபாகமம் 26ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். கூடையோடு வருபவன் வாயை மூடிக்கொண்டு காணிக்கை வைப்பதில்லை. தன் முன்னோர் எகிப்தில் ஒடுக்கப்பட்ட கதையை, கூக்குரலிட்ட கதையை, கேட்கப்பட்ட கதையை அங்கேயே சொல்ல வேண்டும். அதன் பின்னர் லேவியனோடும் அந்நியனோடும் கூடி மகிழ வேண்டும். பட்ட துன்பத்தை மறைப்பது அங்கே நன்றியாகக் கொள்ளப்படவில்லை.

ஜேர்மனியின் ஐலன்பேர்க் நகரில் போதகராயிருந்த மார்ட்டின் ரிங்கார்ட்டை நினைத்துக்கொள்கிறேன். உலகெங்கும் திருச்சபைகள் இன்றும் பாடும் நன்றிக் கீதமொன்றை எழுதியவர் அவர். முப்பதாண்டு யுத்தத்தின் நடுவே, 1637இல் கொள்ளைநோய் அந்நகரை அழித்தபோது நாலாயிரத்துக்கும் அதிகமானோரை அவர் அடக்கம் செய்தார். அவருடைய மனைவியும் அவ்வருடமே இறந்தார். பின்னர் சுவீடன் படையினர் பெருந்தொகையைக் கப்பமாகக் கேட்டபோது, நன்றிப் பாட்டு எழுதிய அதே மனிதர் தளபதியிடம் போய் மன்றாடி அத்தொகையைக் குறைப்பித்தார். அவருக்கு இரண்டும் ஒரே ஊழியமாகவே இருந்தன.

நன்றி சொல்வது வீண் என்று நான் கூறவில்லை. அந்த அரை மூடை எவ்வளவு பெரிய காணிக்கை என்பதை நெல் விதைத்தவன் அறிவான். என்னுடைய மனத்தாங்கல் வேறு. அவருடைய இழப்பைப் பற்றி அன்று எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராதனை முடிந்து ஏலம் நடந்தது. வெளிநாட்டுப் பணமுள்ளவர்கள் பூசணிக்காயை விலையேற்றிச் சிரித்தார்கள். அவர் அதற்கு நிற்கவில்லை. விளைச்சல் அறவே கெட்ட இன்னும் சிலர், வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு, ஆராதனைக்கே வரவில்லை.

ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு புசல் விதைநெல் போதும். காணிக்கை நெல்லில் நல்லதைத் தெரிந்து, ஏலத்துக்கு விடாமல் காயவைத்துக் காத்து, ஐப்பசியில் விதைக்க வழியில்லாதவருக்குக் கொடுத்தால் எத்தனை வயல்கள் தரிசாகாமல் தப்பும்! அடுத்த போகத்தில் முடிந்தால் அவர் திருப்பித் தரட்டும். சபைக் குழுக்கள் இதனை ஆலோசிக்கலாம். விளைச்சல் இல்லாதவரும் முன்னால் வந்து, தன் வயலுக்கு நேர்ந்ததைச் சபையாருக்குச் சொல்ல ஆராதனையில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். அன்றைக்கு ஆபகூக்கை முதலாம் அதிகாரத்திலிருந்தே வாசிப்போம். மூன்று அதிகாரமும் வாசிக்கப் பத்து நிமிடமும் ஆகாது.