ஓசி பார்க்கிங்கும் ஓட்டில்லாத நாமும்

புனேவுக்குப் புதிதாக வரும் நம்மூர்க்காரர்கள் முதல் சில மாதங்களில் ஒரு தடவையாவது ஏமாறுவது 'பி-1, பி-2' போர்டில்தான். ஒற்றைப்படைத் தேதியில் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் வண்டி நிறுத்த வேண்டும். தப்பினால் போக்குவரத்து போலீஸின் லாரி வந்து ஸ்கூட்டரை அலாக்காகத் தூக்கிப் போய்விடும். நான் மாட்டியது ஒரு 1-ம் தேதி. முந்தின நாள் 31, இந்தப் பக்கம் நிறுத்தினோம், அப்படியென்றால் இன்றைக்கு அந்தப் பக்கம் என்று மிகத் தெளிவாகக் கணக்குப் போட்டு நிறுத்தினேன். 31-ம் ஒற்றைப்படை, 1-ம் ஒற்றைப்படை என்பது அபராதம் கட்டும் வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது. பி.காம். படித்து வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு வந்த சோதனை! தங்கமணி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

2018 மார்ச். புனே மாநகராட்சி ஒரு பார்க்கிங் கொள்கையைக் கொண்டுவந்தது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சாலையோரம் நிறுத்தும் வண்டிகளுக்கு மணிக்கணக்கில் கட்டணம். நெரிசல் அதிகமான இடத்தில் அதிகம், குறைந்த இடத்தில் குறைவு. ராத்திரி சாலையில் நிற்கும் வண்டிக்கும் கட்டணம் என்ற பேச்சு வந்ததும் ஊரே கொதித்தது. எதிர்க்கட்சிகள் போராட்டத்தில் இறங்கின. ஸ்கூட்டரை உடம்பின் ஓர் உறுப்பாகவே நினைக்கிற ஊர் இது, கேட்கவா வேண்டும்!

எங்கள் குடியிருப்பு சொசைட்டியிலும் கொதிப்பு. பக்கத்து சொசைட்டிகளையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலரைக் கூப்பிட்டோம். மராத்தியில் கவுன்சிலருக்கு 'நகர்சேவக்' என்று பெயர். நகரத்தின் சேவகர். கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் வைத்து, நாற்பது பேர் அந்தச் சேவகருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

எனக்கும் சொந்தக் காரணம் இருந்தது. சொசைட்டியில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கார் இடம். தங்கமணி ஆபீஸ் போக வாங்கிய இரண்டாவது பழைய கார் தெருவில்தான் நிற்கும். ஆக, அன்றைக்கு நான் போனது பொதுநலத்துக்காக இல்லை.

"ரோடு வரி கட்டியாச்சு, வீட்டு வரி கட்டியாச்சு, இதுக்கும் காசா?" என்று முதல் கேள்வி. நான்தான் கேட்டேன். கைதட்டல் விழுந்தது. கவுன்சிலர் அண்ணாவின் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க வீட்டு வாசல்ல காசு வாங்க நான் விடவே மாட்டேன்" என்றார். அதற்கும் கைதட்டல். இப்போது நினைத்தால், அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுலபமான கேள்வி வந்திருக்காது. வேண்டாம் என்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல என்ன கஷ்டம்?

பின்வரிசையில் எங்கள் மாடியில் இருக்கும் மராத்தி ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்றவர், எழுந்தார். "காசு வாங்கினால் அது எந்தக் கணக்கில் போகும்? இந்தத் தெருவில் நடைபாதையே இல்லையே, அந்தக் காசில் போட்டுத் தருவீர்களா? வசூலிக்கும் குத்தகை யாருக்கு?" என்றார். 'பகூ', 'கரூ' என்று பதில் வந்தது. பார்க்கலாம், செய்யலாம். அவர் விடவில்லை. நாங்களும் உற்சாகமாகி ஆளுக்கொரு கேள்வி, அரைகுறை மராத்தியில், ஹிந்தியில்.

கவுன்சிலர் சிரித்தபடியே கேட்டார். "எல்லாம் நல்ல கேள்வி. இங்கே எத்தனை பேருக்கு இந்த வார்டில் ஓட்டு இருக்கு? கையைத் தூக்குங்க."

நாற்பது பேரில் பதினோரு கை. என் கை கீழேயே இருந்தது. பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் கை, கேரளத்து அம்மாவின் கை, லக்னோ பையனின் கை, எல்லாம் கீழே. கவுன்சிலர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாலையை அடைத்துக்கொண்டிருந்த கார் என்னுடையது. அந்தச் சாலைக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு மட்டும் 1,300 கிலோமீட்டருக்கு அப்பால், கோவில்பட்டியில்.

*

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மாதமே மாநகராட்சிப் பொதுக்குழு கொள்கையைத் திருத்தங்களோடு நிறைவேற்றியது. ஊர் முழுக்க வேண்டாம், முதலில் ஐந்து சாலைகளில் சோதனை என்றார்கள். ராத்திரிக் கட்டணம் போயிற்று. நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். அந்த ஐந்து சாலைச் சோதனையும் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

2022 மார்ச்சில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு வரையறை என்று தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், 2026 ஜனவரி 15 அன்றுதான் நடந்தது. நடுவில் ஏறக்குறைய நான்கு வருடம் மாநகராட்சியை நிர்வாகியாக இருந்து கமிஷனர்தான் நடத்தினார். கேள்வி கேட்கவும் ஆள் இல்லை, 'பகூ' என்று சொல்லவும் ஆள் இல்லை. அந்த 'பகூ'வின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையே என் மனசும் மாறியது. காரணம் என் மேஜைக்கு வரும் கார் கடன் மனுக்கள்.

சம்பள ஸ்லிப் பார்ப்பேன். வருமான வரிக் கணக்கு பார்ப்பேன். சிபில் மதிப்பெண் பார்ப்பேன். மாதத் தவணை கட்டிய பிறகு வீட்டுச் செலவுக்கு மீதி இருக்குமா என்று பார்ப்பேன். ராத்திரி அந்த வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டதே இல்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. வண்டிக்குக் கடன் வங்கி கொடுக்கிறது, நிற்க இடத்தை ஊர் கொடுக்கிறது. வட்டியும் இல்லை, தவணையும் இல்லை.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். சுமார் 135 சதுர அடி. சதுர அடிக்கு மாத வாடகை 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் 4,050 ரூபாய். அதே தெருவில் வடாபாவ் வண்டிக்காரர் அதில் கால்வாசி இடத்தில் நின்றால் ஆக்கிரமிப்பு என்று தூக்குகிறார்கள். என் கார் நாள் முழுக்க நின்றால் அது என் உரிமையாம்!

2018-ல் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. புனேயின் மக்கள்தொகை 35 லட்சம், பதிவான வண்டிகள் 36 லட்சம் என்று. கணக்கு படித்தவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. அது ஆர்.டி.ஓ. பதிவேட்டின் மொத்தம். காயலான் கடைக்குப் போன வண்டிகளை அதில் முழுசாகக் கழித்திருக்க மாட்டார்கள். தேய்மானம் கழிக்காத சொத்துக் கணக்கு மாதிரி. அப்படியே பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் இந்த ஊர்ச் சாலைகள் தாங்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் புதுசாக யாரோ கண்டுபிடித்ததும் இல்லை. 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்கிறது. ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கார் வாங்குபவர் நிறுத்த இடம் இருப்பதைக் காட்டி போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். நம்ம மகாராஷ்டிராவிலும் 2025 மே மாதம் போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக், நிறுத்த இடமில்லாதவர்களுக்குப் புது வண்டி பதிவு கிடையாது என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே எத்தனை தூரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதற்காக எதிர்த்தவர்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய புனேயின் பேட்டைகளில் 'வாடா' என்று முற்றம் வைத்த வீடுகள் உண்டு (யாரையும் கூப்பிடவில்லை, வீட்டின் பெயரே அதுதான்). கார் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் கட்டியவை. அங்கே குடியிருப்பவர் வண்டியை எங்கே கொண்டு வைப்பார்? துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் பத்து மணி நேரம் ஸ்கூட்டியை நிறுத்த மணிக்கணக்கில் காசு கட்டினால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? பஸ்ஸை நம்பிப் போகலாம் என்றால் அது நேரத்துக்கு வர வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலே, குத்தகை எடுத்தவர் ரசீது கொடுக்காமல் வசூலிப்பார் என்ற பயம். இந்தியாவில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் விட்டவருக்கும் அந்த பயம் உண்டு. எல்லாமே நியாயமான பயங்கள்தான்.

ஆனால் இந்தப் பயங்களுக்கு மருந்து 'காசே வேண்டாம்' என்பது இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாசடேனா என்று ஓர் ஊர். அதன் பழைய கடைவீதியில் 1993-ல் பார்க்கிங் மீட்டர் வைத்தார்கள். வியாபாரிகள் முதலில் எதிர்த்தார்கள். மீட்டரில் விழும் பணத்தை அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் செலவு செய்வோம் என்று நகராட்சி உறுதி சொன்னதும் சம்மதித்தார்கள். சொன்னபடி செய்தார்கள், பாழடைந்து கிடந்த வீதி உயிர் பெற்றது. பேராசிரியர் டொனால்ட் ஷூப் இலவசப் பார்க்கிங்கின் விலையைப் பற்றி 2005-ல் எழுதிய பெரிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எங்கள் மாடி ஆசிரியை கேட்டதும் இதையேதான். அவர் ஷூப்பைப் படித்திருக்க மாட்டார். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவர், அவ்வளவுதான்.

*

இப்போது மறுபடியும் கவுன்சிலர்கள் வந்திருக்கிறார்கள். 41 வார்டு, 165 பேர். ஒரு வார்டுக்கு நான்கு பேர், ஒரே ஒரு வார்டில் மட்டும் ஐந்து. நாலு பேர் இருப்பதில் ஒரு சங்கடம், ஒருவர் இன்னொருவரைக் கை காட்டலாம். அதனால் நாலு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதே நல்லது. பார்க்கிங் கட்டணம் இன்றில்லாவிட்டால் நாளை திரும்ப வரத்தான் போகிறது. வரும்போது கேட்க என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது:

1. எந்தத் தெரு, எந்த நேரம்? கடைவீதிக்கும் குடியிருப்புச் சந்துக்கும் ஒரே விதியா?
2. வசூல் யார் கையில்? எத்தனை வருடக் குத்தகை, என்ன தொகை? ரசீது இல்லாவிட்டால் யாரிடம் புகார்?
3. வரும் பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டா? அதில் எங்கள் வார்டு நடைபாதைக்கு எவ்வளவு?
4. வாடாக்களில் இருப்பவர்கள், கடைச் சிப்பந்திகள், மாற்றுத்திறனாளிகள் - இவர்களுக்கு என்ன ஏற்பாடு?
5. ஆறு மாதம் கழித்து வரவு செலவை யார், எங்கே, எங்களுக்குக் காட்டுவார்கள்?

'காசு கேட்கலாமா?' என்ற கேள்வி இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். என் இரண்டாவது கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. ஒழுங்கான ரசீது கொடுத்தால் நான் கட்டத் தயார். தங்கமணியிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக, வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டு ஊரில் இருப்பதை நாம் ஒரு பாசமாக வைத்திருக்கிறோம். "பேரை எடுத்துட்டா ஊருக்கும் உனக்கும் என்னடா இருக்கு?" என்று அப்பா கேட்டார். எனக்கும் வலித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த ஓட்டைப் போட நான் ஊருக்குப் போய்ப் பல தேர்தல் ஆகிவிட்டது. 1950-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் அதற்குப் போதாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. மாநகராட்சித் தேர்தலுக்குத் தனியாகப் பதிய வேண்டியதும் இல்லை, சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்தே வார்டு பட்டியலைப் பிரிக்கிறார்கள். குடி மாறியவர்களுக்குப் படிவம் 8. கம்ப்யூட்டரில் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பலாம். 2023-ல் நான் நிரப்பினேன்.

ஜனவரி 15 அன்று வரிசையில் நின்று, ஒரு வார்டுக்கு நாலு பேர் என்பதால் நாலு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் அந்த ஆசிரியை நின்றிருந்தார். திரும்பிப் பார்த்து, "அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்குவீர்கள் இல்லையா?" என்றார்.

மை வைத்த விரலைக் காட்டினேன்.

டிஸ்கி: புனேவுக்குப் புதிதாக வருகிறவர்கள் 31-ம் தேதிக்கு மறுநாள் வண்டி நிறுத்தும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கவும். :-)