தேனில் நஞ்சு கலந்தது யார்?

தேன் பணக்காரன் வீட்டுப் பண்டம், அதில் நஞ்சு கலந்தால் ஆலைத் தொழிலாளிக்கும் வயற்கூலிக்கும் என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கிறது தோழர்களே! அந்த நஞ்சு புட்டிக்குள் போவதற்கு முன் யாருடைய கையைக் கடந்து போகிறது என்று பார்த்தால் விளங்கும்.

2017-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு நியூஷாடெல் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் உலகின் பல பாகங்களிலிருந்தும் 198 தேன் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 75 மாதிரிகளில் நியோநிகோடினாய்டு என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. நூற்றுக்கு 45-ல் ஒரு வகையல்ல, இரண்டும் அதற்கு மேலும்!

இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்சாம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். புகையிலையின் நிகோடினைப் போலப் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. விதையில் பூசினால் போதும். செடி வளர வளரச் சாறோடு ஏறிப் பூவின் மகரந்தத்திலும் தேன்துளியிலும் போய் நிற்கும். தேனீ அதைச் சுமந்து கூட்டுக்குக் கொண்டு போகிறது. நாம் இதையெல்லாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எவன் வைத்த பெயரோ!

"மனிதனுக்கு அனுமதித்த அளவுக்குள்தானே இருக்கிறது?" என்கிறார்கள் கம்பெனிக் கனவான்கள். ஆம், பெரும்பாலான மாதிரிகளில் அப்படித்தான், நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த அளவு ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியாக வகுத்தது. நான்கு நஞ்சு கூடினால் என்ன கணக்கு? தேனீக்கு என்ன கணக்கு? 2008-ல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் குளோத்தியானிடின் பூசிய மக்காச்சோள விதையை இயந்திரத்தால் விதைத்தார்கள். பூச்சு உதிர்ந்து தூசியாகப் பறந்தது. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட தேனீக் கூடுகள் பாதிக்கப்பட்டன.

2018-ல் ஐரோப்பிய யூனியன் இந்த மூன்றையும் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை போட்டது. பேயர் கம்பெனி சும்மா இருந்ததா? முந்தைய கட்டுப்பாடுகளை எதிர்த்தே கோர்ட்டுக்குப் போனது. 2021-ல் ஐரோப்பிய உச்ச கோர்ட்டிலும் தோற்றது. ஆனால் லாப வேட்டை நிற்கவில்லை. தங்கள் வயலில் போடக்கூடாத சரக்கை 2020-ல் கூட ஆயிரக்கணக்கான டன் பிற நாடுகளுக்குக் கப்பலேற்ற ஐரோப்பியக் கம்பெனிகள் ஏற்பாடு செய்தன. நமது நாட்டிலோ இவை இன்றும் கடையில் கிடைக்கின்றன.

இப்போது தெளிப்பானை முதுகில் கட்டிய கூலியாளிடம் வருவோம். 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி அடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கே அடித்தவற்றில் புரொபனோபாஸ் முதலான வேறு நஞ்சுகளும் இருந்தன. ஆனால் வியாபாரம் ஒன்றுதான். சர்க்கார் என்ன சொன்னது? பாதுகாப்பு உடை போடவில்லையாம்! வெயிலில் வேகிற கூலிக்காரனுக்கு அந்த உடையை எந்தக் கம்பெனி கொடுத்தது? எந்த மிராசுதார் வாங்கித் தந்தார்? மகாராஷ்டிரப் பருத்தி நமது நூற்பாலைகளுக்கும் வருகிறது. ஸ்பின்னிங் தோழர்கள் கையில் ஓடுகிற நூலுக்கு முன்னால் இந்தச் சாவு நிற்கிறது.

தேன் புட்டிக்கு அளவு வகுக்க நிபுணர் குழு உண்டு. தெளிக்கிறவன் மூச்சில் எவ்வளவு ஏறலாம் என்று அவனைக் கேட்டு வகுத்தவர் யார்?

நாம் கேட்பது இது: ஐரோப்பிய வயலுக்கு ஆகாத நஞ்சு நம் வயலுக்கும் வேண்டாம். பாதுகாப்பு உடையும் முகமூடியும் விற்கிற கம்பெனியின் செலவில் கூலியாளுக்குக் கிடைக்க வேண்டும். தெளித்து விழுந்தவனின் ரத்தத்தைச் சோதிக்கும் வசதி ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வேண்டும். குடும்பத்துக்கு நஷ்டஈடு கம்பெனியிடமிருந்தே வசூலிக்கப்பட வேண்டும், கஜானாவிலிருந்து அல்ல.