தோட்டா விலை ஏறினால் காட்டுக்கு என்ன கவலை?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டை தொடங்கும் நாள் என்றால் திருவிழா மாதிரி. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகக் காட்டுக்குக் கிளம்பும். கிராமப்புறப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் அதற்காகவே லீவு விடுவார்கள். கிடைக்கும் மான் இறைச்சி ஃப்ரீசருக்குப் போகும். குளிர்காலச் சமையலுக்கு ஆகும்.

அந்தத் திருவிழாவுக்கு இப்போது செலவு கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அங்கே பலரின் புலம்பல்.

லைசென்ஸ் கட்டணம் பெரிய சுமை இல்லை. உள்ளூர்க்காரருக்கு அது சுமார் 21 டாலர்தான். 1999-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஏற்றப்படவே இல்லை. கையைக் கடிப்பது மற்ற செலவுகள். துப்பாக்கி, அதில் மாட்டும் ஸ்கோப், குளிர் தாங்கும் உடுப்பு, பெட்ரோல் என்று பட்டியல் நீளும். டெக்சாஸ் மாதிரி மாநிலத்தில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அங்கே வேட்டையாட நிலத்துக்காரருக்குக் குத்தகைப் பணமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

போதாததற்கு 2020-ல் கொரோனா வந்தது. பயத்தில் ஜனங்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிக் குவிக்க, ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகளில் ரேஷன் மாதிரி அளந்து விற்றார்கள். விலை எகிறியது.

வாத்து வேட்டைக்காரர்களுக்கு இன்னொரு செலவு முன்பே வந்திருந்தது. நீர்நிலைகளில் விழுந்த ஈயக் குண்டுகளை வாத்துகள் விழுங்கி, நஞ்சேறிச் செத்தன. அவற்றைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் செத்தன. அதனால் 1991-ல் வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. நியாயமான தடைதான். ஆனால், மாற்றாக வந்த பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகளின் விலை அதிகம்.

‘செலவு ஏறி வேட்டை குறைந்தால் நல்லதுதானே, மிருகங்களாவது பிழைக்கட்டும்’ என்று தோன்றுகிறதா? சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

1937-ல் அமெரிக்காவில் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. அதன்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வன உயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஒரு திட்டத்துக்கு 100 டாலர் ஆகும் என்றால், 75 டாலர் வரை இந்த வரிப் பணம் தரும். மீதி 25 டாலரை மாநிலம் போட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் கைகொடுப்பது வேட்டை லைசென்ஸ் விற்ற காசு! அழியும் நிலைக்குப் போன காட்டு வான்கோழி மீண்டும் பெருகியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, வேட்டைக்காரர் குறைந்தால் காட்டுக்கு வரும் பணமும் குறையும். அரசுக் கணக்கெடுப்பின்படி 2011-ல் 1.37 கோடி பேர் வேட்டையாடினார்கள். 2016-ல் அது 1.15 கோடி. செலவு மட்டும் காரணமில்லை. பழையவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால், புதிதாக வர நினைக்கிறவரை வாசலிலேயே தடுப்பது செலவுதான்.

அதே காட்டுக்குப் பறவை பார்க்கவும், படம் எடுக்கவும், நடக்கவும் வருகிறவர்கள் ஏராளம். அவர்கள் வாங்கும் பைனாகுலருக்கும் கூடாரத்துக்கும் இப்படியொரு வரி கிடையாது. போடலாம் என்ற யோசனை பலமுறை வந்தும், நாடு தழுவிய சட்டமாக ஆகவில்லை.

ஆனால், ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1934-ல் ஒரு டாலருக்கு வந்த ‘டக் ஸ்டாம்ப்’, பார்க்கத் தபால்தலை மாதிரியே இருக்கும். 16 வயதான வாத்து வேட்டைக்காரர் எவரும் இதை வாங்கியாக வேண்டும். 2015-லிருந்து விலை 25 டாலர். அதில் 98 சதவிகிதம் பறவைகளின் வாழிடத்தைக் காக்கவே செலவாகிறது. வேட்டையே தெரியாதவரும் இதை வாங்கலாம். பறவைப் பிரியர்கள் சிலர் விரும்பி வாங்கவும் செய்கிறார்கள்.

துப்பாக்கி தூக்கியவர் இத்தனை காலம் கட்டிய பில்லை, இனி பைனாகுலர் பிடித்தவரும் பகிர்ந்துகொண்டால்தான் அந்தக் காடுகளுக்குக் கட்டுப்படியாகும்.