தூள் பொய் சொல்லாது



தென் கொரியாவின் போஹாங் புவிவெப்ப மின்திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த உயர் அதிகாரி தாங்கள். இக்கடிதத்தின் கேள்வியைக் கொரிய மொழியில் மூன்று முறை மனுவாகத் தங்களுக்கு அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. ஆகவே இம்முறை என் தாய்மொழியில், ஊரறிய எழுதுகிறேன்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர். என் தாய்மாமா ரிக் ஓட்டியவர். துளையிலிருந்து வரும் தூளின் நிறம் மாறினால் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு பிடி அள்ளி விரலில் தேய்த்துப் பார்ப்பார். "தூள் பொய் சொல்லாது மாப்ள" என்பார்.

போஹாங்கில் கருங்கல்லைக் குடைந்து 4 கிலோமீட்டருக்கும் ஆழமாக இரண்டு துளைகள் போட்டீர்கள். தண்ணீரை அழுத்தத்தோடு இறக்கிப் பாறையில் வழி திறந்து, சூடேறிய நீரை மேலே எடுப்பதாகத் திட்டம். 2015-இல் இரண்டாம் துளை 3,800 மீட்டரை எட்டியபோது, உள்ளே விட்ட சேற்றுக்குழம்பு பெருமளவில் பாறைக்குள் போய் மறைந்தது. அந்த ஆழத்துத் தூளில், நிலப்பிளவில் அரைபட்டுக் களியாகிப்போன பாறை இருந்தது. எங்கள் மாமா பள்ளிக்கூடம் தாண்டாதவர். அவர் அங்கே நின்றிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பார். நீங்கள் அதே துளையில் தண்ணீர் இறக்க விட்டீர்கள்.

2017 ஏப்ரல் 15 அன்று ரிக்டர் 3-ஐத் தாண்டி நிலம் அதிர்ந்தது. ஆகஸ்டில் மறுபடியும் தண்ணீர் இறங்கியது. எனக்கு ஆறாதது இதுதான். இடையில் நான்கு மாதம் இருந்ததே ஐயா!

நவம்பர் 15, பிற்பகல் 2:29. அளவு 5.4. போஹாங்கில் நான் மேசைக்கடியில் கிடந்தேன். நூறு பேருக்கு மேல் காயம். மறுநாள் நடக்கவிருந்த கல்லூரி நுழைவுத்தேர்வு நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஹுங்ஹே விளையாட்டு அரங்கில் கூடாரம் போட்டுத் தங்கியவர்களில் சிலர் 2021 வரை அங்கேயே கிடந்தார்கள். எனக்குக் கிம்ச்சி கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் அங்கே இரண்டு குளிர்காலம் படுத்திருந்தார். இன்றும் தெருவில் லாரி போனால் கதவுநிலையைப் பிடித்துக்கொள்கிறார்.

நிலநடுக்கத்தைத் தூண்டியது இந்தத் திட்டம்தான் என்று அரசு நியமித்த குழுவே 2019 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆனால் 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, மக்களுக்கு இழப்பீடு தரச் சொன்ன கீழ் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. யாருடைய அலட்சியமும் இல்லையென்றால், ஆகஸ்டில் பம்பை ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்?

புவிவெப்பத்துக்கு நான் எதிரியல்ல. நிலக்கரிப் புகைக்கு மாற்றாக அது வரவேண்டும் என்றே ஆசைப்படுகிறேன். இப்போது செயற்கை வைரப் பல் வைத்த பிட்டுகள் கருங்கல்லை முன்னைவிட மிக வேகமாகத் துளைக்கின்றன. நுண்ணலையால் பாறையை உருக்கியும் பார்க்கிறார்கள். அவை நாளை எந்த ஊரில் இறங்கினாலும், "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் துளையருகே நிற்க வேண்டாமா? போஹாங்கில் அப்படி ஒருவர் இருந்தாரா?

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரையிலான கோப்பை வெளியிடுங்கள். பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது, நான்தான் படித்துக்காட்ட வேண்டும். அவருக்கு வயது எண்பத்தொன்று.