ஓடிபி சொன்னீங்களா?

பணம் போய்விட்டது என்று பதறியடித்துக்கொண்டு வங்கிக்கு ஓடுகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். ‘ஓடிபி சொன்னீங்களா சார்?’ எவ்வளவு போச்சு, எந்தக் கணக்குக்குப் போச்சு என்பதெல்லாம் அப்புறம். ‘ஆமாம், சொல்லிட்டேன்’ என்றால், ‘அப்ப நாங்க என்ன பண்ண முடியும்?’ ‘சத்தியமா சொல்லலைங்க’ என்றால், ‘சொல்லாம எப்படிப் போகும்?’ எந்தப் பதில் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றே. தப்பு உங்களுடையது.

பென்ஷன் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் ஒரு பெரியவர், இந்த ஒரு கேள்வியிலேயே குற்றவாளி ஆகிவிடுகிறார். வீட்டுக்குப் போனால் பிள்ளைகளும் அதையே கேட்பார்கள். அவமானத்தில் புகாரே கொடுக்காமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ஏமாறுகிறவர்கள் பக்கம் அசட்டுத்தனமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நமக்குப் பணம் வர யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. அதைத் தட்டச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். முன்பின் தெரியாதவன் போனில் சொல்லும் ஆப்பை இறக்கக் கூடாது. இறக்கினால் உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஒரு நியாயம் கேட்கிறேன். ஏமாறுவதற்கு நம்மைப் பழக்கிவிட்டது யார்? பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து கூப்பிட்டு, ‘வெரிஃபிகேஷனுக்காக உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்’ என்று கேட்டு கார்டு விற்றவர்கள் யார்? ‘கே.ஒய்.சி. அப்டேட் செய்யவும்’ என்று லிங்க்கோடு குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் யார்? திருடனும் அதே மாதிரி கூப்பிடுகிறான், அதே மாதிரி லிங்க் அனுப்புகிறான். வங்கியின் பேச்சையும் திருடனின் பேச்சையும் பிரித்துக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் வாடிக்கையாளர் தலையில். சேவைக்காகக் கூப்பிடும்போது 1600-ல் தொடங்கும் எண்ணிலிருந்து கூப்பிடுங்கள் என்று 2025 ஜனவரியில்தான் ரிசர்வ் வங்கி சொன்னது. எல்லா வங்கிகளின் இணையதள முகவரியும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியவேண்டும் என்பதற்குக் கெடு, அதே வருஷம் அக்டோபர் 31.

இன்னொன்று. நெஃப்ட் வந்தது 2005-ல். பணம் அனுப்பும்போது பெயர், கணக்கு எண் இரண்டையும் கேட்பார்கள். ஆனால் பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை மட்டும் பார்த்து. அந்தக் கணக்கு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று அனுப்புகிறவருக்குக் காட்ட வங்கிகளுக்குக் கொடுத்த கெடு 2025 ஏப்ரல் 1. கிட்டத்தட்ட இருபது வருஷம்! ‘விழிப்புடன் இருங்கள்’ என்று நமக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த பாலபாடம், ஒரு பற்று இருந்தால் எதிரே ஒரு வரவு இருந்தே தீரும். பெரியவர் கணக்கில் பற்று வைத்த பணம் ஆவியாகிவிடவில்லை. இந்த நாட்டிலேயே, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற ஏதோ ஒரு வங்கியில், யாரோ ஒருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கைத் திறந்தது யார்? ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கிப் பார்த்துத்தானே திறந்தீர்கள்? நேற்றுவரை ஆயிரம் ரூபாயைத் தாண்டாத கணக்கில் இன்று பகலில் ஐந்து லட்சம் வந்து, பத்து நிமிஷத்தில் ஐந்து திசையில் பிரிந்து போகிறது. கம்ப்யூட்டருக்கு உறுத்தவில்லையா? இம்மாதிரி வாடகைக் கணக்குகளை மோப்பம் பிடிக்க ‘மியூல்ஹன்டர்’ என்ற மென்பொருளை ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது. நல்லது. ஆனால் அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்த கிளையைப் பார்த்து, ‘நீங்க எப்படி சார் திறந்தீங்க?’ என்று பாதிக்கப்பட்டவர் கேட்க எந்தக் கவுன்டரும் இல்லை.

இதில் பெரிய வேடிக்கை, சட்டம் அந்தப் பெரியவர் பக்கம் இருப்பது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையைக் கிளைகளில் யாராவது ஒட்டிவைத்து நான் பார்த்ததில்லை. வங்கி மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை, இடையில் எவனோ புகுந்து பணத்தை எடுத்துவிட்டான் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தகவல் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். தகவல் வந்த பத்து வேலை நாட்களுக்குள் பணத்தைத் தற்காலிகமாகவாவது கணக்கில் திருப்பி வைக்கவேண்டும். வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிக்கவேண்டியது வங்கியின் பொறுப்பு. நீங்களே ஓடிபி சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணம் வங்கியின் நஷ்டம். வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அப்படியே ‘ரிப்ளை’ அடித்துப் புகார் சொல்லும் வசதி இருக்கவேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள். என் வங்கியிலிருந்து வருவதற்கு அடித்துப் பார்த்தேன். போகவில்லை.

அஸ்ஸாமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய கோட்டைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார். கடையின் கஸ்டமர் கேர் என்று பேசியவன் ஒரு ஆப்பை இறக்க வைத்தான். போனது 94,204 ரூபாய் 80 காசு. அவர் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டார். ஸ்டேட் வங்கி வழக்கமான பாட்டைப் பாடியது, அவருடைய அஜாக்கிரதை என்று. கவுகாத்தி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வங்கி விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் அங்கேயும் தோற்றது. ஒரு லட்சம்கூட இல்லாத தொகைக்கு நாட்டின் மிகப் பெரிய வங்கி டெல்லி வரை வக்கீல் வைத்து வாதாடியிருக்கிறது. எதிரே நின்றவர் பாதியில் களைத்துப் போயிருந்தால்? பெரும்பாலானவர்கள் களைத்துத்தான் போகிறார்கள்.

பணம் போனால் அழுவதற்கு முன்னால் 1930-க்கு போன் செய்யுங்கள். எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அடுத்தது வங்கி. அங்கே ‘ஓடிபி சொன்னீங்களா?’ என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை வாங்குங்கள். ‘மெயில்ல அனுப்பிடுங்க சார், சீல் எல்லாம் போடறதில்லை’ என்பார்கள். மெயிலும் அனுப்புங்கள், சீலும் கேளுங்கள். முப்பது நாளில் ஒழுங்கான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த முத்திரை விழுந்த நகல் அங்கே கேட்பார்கள்.