பூவுக்குப் பூ, கறிக்குக் கறி!

அழகுக்கு ஒரு செடி, அடுப்புக்கு ஒரு செடி என்று தோட்டத்தைப் பிரிப்பது வழக்கம். இரண்டுக்கும் உதவும் செடி ஒன்று உண்டு. மணிப்பூ இனத்தைச் சேர்ந்த "டோராஜி"தான் அது.

கொரியா, ஜப்பான், சீனா ஆகிய குளிர் நாடுகளின் மலைச்சரிவுகளில் தானாக வளரும் செடி இது. மொட்டு, காற்று ஊதிய பலூன் போல உப்பி நிற்கும். மலர்ந்தால் ஐந்து முனை நட்சத்திரம்! நிறம் நீலம் கலந்த ஊதா. வெள்ளைப் பூவும் உண்டு. ஆங்கிலேயர்கள் இதை "பலூன் பூ" என்றே அழைக்கிறார்கள்.

ஐரோப்பியர் பூவுக்காக வளர்க்கிறார்கள். கொரியப் பெண்களோ மண்ணுக்குள் இருக்கும் வெள்ளை வேரையும் விடுவதில்லை.

கசப்பு போக

வேரின் தோலைச் சீவி, நார் நாராகக் கிழிக்கிறார்கள். நம் வீடுகளில் பாகற்காய்க்குச் செய்வது போல, உப்புப் போட்டுப் பிசைந்து தண்ணீரில் அலசுகிறார்கள். கசப்பு குறைந்துவிடும். பூண்டும் நல்லெண்ணெயும் சேர்த்து வதக்கினால் கறி தயார்! "சூசொக்" என்னும் அறுவடைத் திருநாளில் முன்னோருக்குப் படைக்கும் உணவிலும் இது இடம் பெறும். இருமலுக்கு நாட்டு மருந்தும் இதுவே.

மலையில் தோண்டலாமா?

கூடாது. வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். ஜப்பானியர் இதை "கிக்யோ" என்று அழைத்து, இலையுதிர்கால ஏழு மலர்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் தானாக வளரும் கிக்யோ அங்கே அருகிவிட்டது. அழியும் ஆபத்தில் உள்ள செடிகளின் பட்டியலில் அரசாங்கமே இதைச் சேர்த்திருக்கிறது. புல்வெளிகள் மறைந்தது ஒரு காரணம். கண்டவர்கள் பிடுங்கிச் சென்றது மற்றொரு காரணம்.

கொண்டாடினால் மட்டும் போதாது. வேர் வேண்டுமானால், அதைத் தோட்டத்தில் பயிரிடுவதே நியாயம். கொரிய உழவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

வளர்க்கும் முறை

வெயில் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். விதையை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவ வேண்டும். வேர் ஆழமாக இறங்குவதால், செடியை இடம் மாற்றக் கூடாது.

குளிர்காலத்தில் தண்டு காய்ந்துவிடும். மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாது. செத்துவிட்டது என்று கொத்திவிடக் கூடாது! மற்ற செடிகள் துளிர்த்த பிறகுதான் இது தலை காட்டும். ஒரு குச்சியை அடையாளமாக நட்டு வைப்பது நல்லது.

வேர் பருக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் பூவும் இல்லை, கறியும் இல்லை. பத்துச் செடி இருந்தால் மூன்றைத் தோண்டலாம். தோண்டிய இடத்தில் மீண்டும் விதை தூவ வேண்டும். வீட்டுக்கு ஆண்டுதோறும் பூவும் கறியும் கிடைக்கும். மலையில் உள்ள செடியும் பிழைக்கும்.